நிகாஹ் நாள் குறிக்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை

பலாபத்வல போன்ற நம் ஊர்களில் சம்பந்தம் பேசும்போது குடும்பம், தொழில், மார்க்கப்பற்று எல்லாம் விசாரிப்போம். இரத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மாமி மகள், மாமா மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் அங்குதான் அது அதிகம் தேவை.

தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து வரும் இரத்தச் சோகை. உடலால் ஹீமோகுளோபினைப் போதிய அளவு உருவாக்க முடியாது. நோய் அரிதுதான், ஆனால் அதன் மரபணு அவ்வளவு அரிதல்ல. 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, இலங்கையரில் சுமார் 2 சதவீதமானோர் பீட்டா தலசீமியாவின் காவிகள். காவிக்கு நோயில்லை, பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது. கணவன், மனைவி இருவருமே காவிகளானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது" என்ற ஆறுதல் பிழையானது. சொந்தக்காரர்களுக்குள் ஒரே பாட்டனாரின் மரபணு இருபக்கமும் வந்திருக்கலாம் என்பதால் ஆபத்து கூடுகிறது.

கடும் நோயுள்ள குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வெளிறிப்போகும், வளர்ச்சி குன்றும், மண்ணீரல் வீங்கும். காவியைக் கண்டறிவது எளிது. சாதாரண முழு இரத்தப் பரிசோதனையில் செங்குழியங்கள் சிறிதாகத் தெரிந்தால், எச்பிஎல்சி பரிசோதனை அநேகமாக உறுதிசெய்துவிடும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரும்புச்சத்துக் குறைவென்று நினைத்து மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குகிறார்கள். பெரிட்டின் அளவைப் பார்க்காமல் அதைத் தொடரக்கூடாது.

கடும் நோயாளிக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பைன்ட் இரத்தத்துடன் சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதற்காக இரவிரவாகத் தோலின் கீழ் டெஸ்பெரியொக்சமின் செலுத்துவார்கள், அல்லது டெபெராசிரொக்ஸ் மாத்திரை கொடுப்பார்கள். எலும்பு மச்சை மாற்றினால் குணமாகலாம், ஆனால் உடன்பிறந்த ஒருவரின் மச்சை பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். குருநாகலில் இதற்கென்றே தனி நிலையம் இயங்குகிறது. மாதந்தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரத்தம் ஏற்றப் போகும் தாய்க்குத்தான் இதன் முழுக் கணக்கும் தெரியும்.

சவூதியில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவானாலும் மணம் முடிப்பதா இல்லையா என்பது அவர்கள் விருப்பம். இங்கே அப்படிச் சட்டமில்லை. எனவே சம்பந்தம் பேசத் தொடங்குமுன்பே, மாப்பிள்ளை பெண் இருவரும் பரிசோதிக்கட்டும். மண்டபம் பிடித்த பிறகு அல்ல. பெண்ணை மட்டும் குற்றஞ்சாட்டும் பழக்கமும் போக வேண்டும். நோயுள்ள பிள்ளைக்கு மரபணு இருவரிடமிருந்தும்தான் வந்திருக்கிறது. காவியென்று தெரிந்தவர் மணமுடிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. மறுபக்கத்தார் பீட்டா தலசீமியாவுக்கோ ஹீமோகுளோபின் ஈ போன்ற மாற்றத்துக்கோ காவியாக இல்லையென்றால், பிள்ளைகளுக்கு இந்தக் கடும் நோய் வராது.