கண்டிச் சீமைக்குப் போனவங்க

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசக்காட்டுல நிலம் வச்சிருந்தவனுக்குப் பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு, கோயில்ல முதல் மரியாதை வாங்கின கணக்கு இருக்கு. சேரிக்காரனுக்கு? தாத்தா பேரு தெரியும். தாத்தாவோட அப்பா பேரு சில வீட்டுலதான் தெரியும். அதுக்கு மேல கேட்டா, "அவுக பஞ்சத்துல கண்டிச் சீமைக்குப் போனாக, திரும்பல" என்பதோடு பேச்சு நின்னு போகும்.

அப்படிப் போனவங்களைத் தேடினா ஒரு உண்மை தட்டுப்படுது. ஊருக்குள்ள இருந்தவரைக்கும் எந்தத் தாளிலும் ஏறாத நம்ம ஆளுக பேரு, கூலியாக் கப்பல் ஏறின அன்னிக்குத்தான் முழுசா எழுதப்பட்டிருக்கு. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் சுமார் 340 பேர். அதுல தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். ஆளுக்கு ஒரு எண். பேரு, தகப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் பதிவாகியிருக்கு. பிஜித் தீவுக்கான அனுமதிச் சீட்டில் நெருங்கிய உறவு யாருன்னும் கேட்டிருக்கான். மனுசனா மதிச்சு எழுதினதில்லை. ஓடிப்போனா பிடிக்க எழுதினது. ஆனாலும் கருப்பனும் மூக்காயியும் நூத்துக்கணக்குல வரும் அந்தப் பட்டியலில், இன்ன கருப்பன் நம்ம கருப்பன்னு பிரிச்சுக் காட்டுறது தகப்பன் பேரும் அந்தத் தழும்பும்தான். சாதியை மாத்திச் சொல்லிக் கப்பல் ஏறினவங்களும் உண்டு. அதுல தப்பென்ன?

அதே காலத்தில், 1865இல், வேல்ஸ் நாட்டிலிருந்து சுமார் 150 பேர் 'மிமோசா' கப்பலில் தென்னமெரிக்காவின் படகோனியாவுக்குக் குடிபோனார்கள். அவங்க வாரிசு பாட்டன் பூட்டனைத் தேடினா, கப்பல் பட்டியல் தவிர சொந்த ஊர்த் தேவாலயத்திலும் பிறப்பு, கல்யாணம், சாவுப் பதிவு கிடைக்கும். நம்மளைக் கோயிலுக்குள்ளயே விடலை, பேரை எங்க எழுதப் போறான்?

தேடுறவங்களுக்கு ஒன்னு. பழைய பட்டியல்ல ராமநாதபுரம் ஜில்லான்னு தேடக்கூடாது. அந்த ஜில்லா 1910இல்தான் வந்தது. அதுக்கு முன்னால நம்ம பக்கம் மதுரை ஜில்லாவில் சேர்த்தி.

ஆனா நம்ம பக்கத்து ஆளுக பெரும்பாலும் போனது பக்கத்துலயே இருந்த இலங்கைக்கு. அது ஒப்பந்தக் கூலி முறையில் சேராதது. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனது. கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காடு வழியா மாத்தளை வரை திரும்ப நடை. காலராவில் வழியிலேயே செத்தவங்க பேரு யாரிடமும் இல்லை. அரசாங்கம் தலையை எண்ணிச்சு, கங்காணி கடனை எழுதினான். ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்கு மாறணும்னா பழைய கடன் குறிச்ச 'துண்டு' வேணும். 1921இல் அதை ஒழிக்கிற வரைக்கும் நம்ம ஆளுக்கு இருந்த சீட்டு அதுதான்.

சீட்டு இல்லாததுக்கு விலை பின்னால வந்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், உன் அப்பன், இல்லேன்னா பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததுக்கு அத்தாட்சி எங்கேன்னு கேட்டது. லயத்துல பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடத்துப் போனாங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரிச்சது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாப் பிரிச்சாங்க.

திரும்பி வந்து நீலகிரித் தேயிலைக் காட்டிலும் மற்ற இடங்களிலும் குடியேறினவங்க பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டுப் போனா, பாட்டன் ஊரு எது, ஆதாரம் எதுன்னு இங்கேயும் அதே கேள்வி. தீண்டும்போது தெரிஞ்ச சாதி, சான்று கேட்டா அதிகாரிக்குத் தெரியறதில்லை. அதனால பாட்டனைத் தேடுறது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை. பிள்ளையோட படிப்பு, வேலை அதுல கிடக்கு.

தாளில் இல்லாதது வாயில் இருக்கு. தோட்டத்துக் கிழவிகளிடம் கேட்டா குலசாமி பேரு, வகையறா பேரு, ஊர்க் கண்மாய் பேரு மூணும் வரும். கப்பல் பட்டியல்ல இது எதுவும் கிடையாது. எந்தப் பஞ்சத்துல போனாகன்னும் கேட்டு எழுதிக்கணும். 1876-78 தாது வருசப் பஞ்சத்துல போனவுகன்னா முதல்ல மிதிச்சது காப்பித் தோட்டமா இருக்கும். காப்பி நோய்ல அழிஞ்ச 1880களுக்குப் பின்னன்னா தேயிலை. தேட வேண்டிய தோட்டமே வேற.