உபகாரச் சம்பளமும் ஓய்வூதியமும்

உழைத்துண்பது மக்கட்குரிய அறம். எனினும், உழைக்குங் கை ஒருநாள் தளர்தலும், கண்ணொளி மங்குதலும், காலடி தடுமாறுதலும் உடம்பெடுத்தார் எல்லார்க்கும் பொது. அந்நாளில் உண்ணுஞ் சோறு யாருடையது? மகனுடையதா, அரசினருடையதா, அன்றித் தான் முன்னர் ஈட்டிச் சேர்த்து வைத்ததா? இவ்வினா மிகப் பழையது. ஆயினும் இதற்குரிய விடை காலந்தோறும் வேறுவேறாக அமைந்து வந்திருக்கின்றது. அவ்விடைகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, இக்காலத்தார் ‘ஓய்வு’ என்றும் ‘பொருட்சுதந்தரம்’ என்றும் பேசுவனவற்றின் உண்மைப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பென்ஷன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் பாட்டனார் காலத்தில் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். ஆங்கிலச் சொல்லோ, இலத்தீன் மொழியில் ‘நிறுத்தல்’, ‘செலுத்துதல்’ என்னும் பொருள்களையுடைய வேரினின்று பிறந்தது. நிறுத்துக் கொடுப்பது கடமை; கடைக்காரர் காசுக்கு நிறுத்துக் கொடுக்கும் பருப்பை எவரும் உபகாரம் என்னார். பின்னர் நம் மொழியில் ‘ஓய்வூதியம்’ என்னுஞ் சொல் வழக்கிற்கு வந்தது. ஊதியம் என்பது உழைப்பின் பயன். உபகாரம் என்பது தருவாருடைய பெருமையைக் காட்டுவது. ஊதியம் என்பது பெறுவாருடைய உரிமையைக் காட்டுவது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே இப்பொருளின் வரலாறு எனலாம்.

நம் முன்னோர் முதுமையை எங்ஙனம் கருதினர்? தொல்காப்பியனார் கற்பியலில், இல்வாழ்க்கையின் பிற்பகுதியைக் கூறுமிடத்து, மக்களோடும் சுற்றத்தோடுங் கூடித் தலைவனுந் தலைவியும் நல்லறம் பயிலுதலே சென்ற வாழ்வின் பயன் என்றார். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் முதுமையைச் செயலற்ற காலமாகக் கூறவில்லை. வேறொரு செயல் தொடங்குங் காலமாகவே கூறினார்.

அக்காலத்துப் பொருளேற்பாடு நிலத்தின் மேல் நின்றது. போரில் குருதி சிந்தியவன் குடும்பத்தார்க்கு ‘உதிரப்பட்டி’ என்றும் ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்றும் நிலம் விடப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டிர் 400 பேர்க்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டிற்கு 100 கலம் நெல் வகுத்தது. பங்குடையார் இறந்தாலும் வேற்றிடஞ் சென்றாலும், அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அந்நெல்லைப் பெறுக. தாம் தகுதியிலராயின் தகுதியுடையாரை அமர்த்துக என்பது அதன் விதி. ஆகவே தொழிலும் கூலியும் குடும்பத்திற்கே உரியனவாயிருந்தன. தந்தையின் கை தளர்ந்தவிடத்து மைந்தனின் கை அவ்வேலையைப் பற்றிக்கொண்டது. முதியவர் அதே அடுக்களையில் உண்டார். தனியொருவர் ‘ஓய்வு பெற்றார்’ என்று சொல்வதற்கு அவ்வமைப்பில் இடமே இல்லை. அதன் நிழலில் அடைக்கலம் இருந்தது. ஆனால் விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அரிதாயிருந்தது. பழையதைப் புகழ்வோர் இவ்விரண்டனையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

குடும்பத்தை விட்டு நெடுந்தொலைவிற் பணி செய்த போர்வீரர்க்கே ஓய்வுப்பொருள் என்பது முதன்முதல் இன்றியமையாததாயிற்று. உரோம் நாட்டில் அகஸ்டஸ் மன்னர் கி. பி. 6-ஆம் ஆண்டில் படைவீரர்க்கெனத் தனிக் கருவூலம் ஒன்று நிறுவினார். அதற்குத் தம் சொந்தப் பொருளினின்று 17 கோடி செஸ்டர்ஸ் நாணயம் அளித்தார். மரபுரிமைச் சொத்தின் மேல் நூற்றுக்கு 5-உம், ஏல விற்பனையின் மேல் நூற்றுக்கு 1-உம் வரி விதித்து அதனை நிலைநிறுத்தினார். பணி முடித்த காலாள் வீரர்க்கு 12,000 செஸ்டர்ஸ் கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 900 ஆதலின், அது பதின்மூன்றாண்டுச் சம்பளத்திற்கும் மேற்பட்டது. இஃது அருளினால் மட்டும் நிகழ்ந்ததன்று. வெறுங்கையோடு வீடு திரும்பும் வீரன் நாட்டிற்கு ஆபத்து என்பதை அம்மன்னர் நன்குணர்ந்திருந்தார்.

நம் நாட்டிற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், வங்காள நவாபு மீர் ஜாபர் கிளைவுக்கு விட்டுச் சென்ற 5 இலட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு, 1770-இல் கிளைவு நிதி என்பது ஏற்பட்டது. ஊனமுற்ற சேனையாளர்க்கும் இறந்தோர் மனைவியர்க்கும் அதிலிருந்து உதவி சென்றது. இந்நாட்டுப் பொருளே அந்நிதிக்கு முதலாயிற்றென்பதை நாம் மறத்தலாகாது.

அக்கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் 1792 முதல் 33 ஆண்டு கணக்கெழுதியவர் சார்லஸ் லாம் என்னும் ஆங்கிலக் கட்டுரையாளர். 1825-இல், தம் ஐம்பதாம் வயதில், அவர் ஆண்டிற்கு 441 பவுன் உபகாரச் சம்பளத்தோடு விடுவிக்கப்பட்டார். அவ்வனுபவத்தை அதே ஆண்டில் ஓர் அரிய கட்டுரையாக எழுதினார். நெடுநாட் சிறையிலிருந்தவன் திடீரென வெளியே விடப்பட்டாற்போல, கிடைத்த காலத்தை என் செய்வதென அறியாது அவர் மயங்கினார். ஞாயிற்றுக்கிழமையின் இன்பம், எல்லா நாளும் ஞாயிறானபின் எங்ஙனம் குன்றிற்று என்பதை நகையும் அவலமும் கலக்கக் கூறினார். பொருள் கிடைத்தபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கும் என்று இருநூறாண்டிற்கு முன்னரே காட்டியவர் அவர். அவ்வினாவிற்குப் பின்னர் வருவோம்.

1871-இல் இந்திய அரசினர் பென்ஷன் சட்டம் இயற்றினர். கடன்காரர் நீதிமன்றத்தின் வாயிலாக உபகாரச் சம்பளத்தை ஜப்தி செய்ய இயலாதென அது காத்தது. வரப்போகும் பென்ஷனை முன்னதாகவே பிறர்க்கு எழுதிக்கொடுத்தலும் செல்லாதென்றது. முதியவர் சோற்றில் பிறர் கை வைக்கலாகாதென்னும் நல்லெண்ணம் இதிற் காணப்படுகின்றது. ஆயினும் அச்சட்டமே, பென்ஷனைப் பற்றி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காடுதலைப் பெரிதும் தடுத்தது. கொடுப்பது எம் உபகாரம். கேட்பது நின் உரிமையன்று என்பதே அதன் உட்கருத்து.

இந்நிலையை மாற்றியது மேனாட்டுத் தொழிலாளர் எழுச்சி. ஜெர்மனியில் பிஸ்மார்க்கு 1889-இல் முதுமைக் காப்புச் சட்டம் நிறைவேற்றினார். தொழிலாளியும் முதலாளியும் பங்கு செலுத்த, அரசும் துணைத்தொகை சேர்த்தது. ஓய்வு வயது 70. 1916-இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சியின்பால் தொழிலாளர் சாயாதிருத்தற்கே பிஸ்மார்க்கு இதனைச் செய்தார் என்ப; எக்கருத்தாற் செய்யினும் பயன் முதியோரைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1908-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதல் நாள் தொட்டு, எழுபது வயது கடந்த வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங்கு வரை கிடைத்தது; அதற்கு அவர்கள் யாதும் முன்செலுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1935-இல் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, ஐடா மே புல்லர் என்னும் மூதாட்டியார் 1940 ஜனவரியில் முதல் மாதத்தொகையாக 22 டாலர் 54 சென்டு பெற்றார். அவர் செலுத்தியிருந்தது மொத்தம் 24 டாலர் 75 சென்டே. நூறாண்டு வாழ்ந்து 1975-இல் மறைந்த அவர் பெற்ற தொகை 22,000 டாலருக்கு மேல். இளையோர் பலர் செலுத்துவதைக் கொண்டு முதியோரைப் புரக்கும் முறையின் வலிமையும் இதுவே. இளையோர் தொகை குன்றுமாயின் அதன் இடரும் இதுவே.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1952-இல் தொழிலாளர் சேமநிதிச் சட்டமும், 1995-இல் அதனைச் சார்ந்த ஓய்வூதியத் திட்டமும் தோன்றின. நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோர்க்கு உதவித்தொகை 1962-இல் தொடங்கப்பெற்றது. ஆயினும் கருத்துலகில் பெரிய திருப்பம் 1982 டிசம்பர் 17-ஆம் நாளன்று நிகழ்ந்தது. நகாரா என்பார் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் அரசு மனமுவந்து வீசும் ஈகையன்று, முன்செய்த பணியாற் பெற்ற உரிமை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘உபகாரச் சம்பளம்’ என்னுஞ் சொல் அன்றே பொருளிழந்தது. ஓய்வூதியர் அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாடுதல் தகுதியே.

என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் மறைந்தபின் என் அன்னையார்க்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் அவர் வங்கிக்குச் சென்று பணம் எடுத்து வருவார். மருந்துக் கடைக் கணக்கைத் தாமே தீர்ப்பார். பேரப்பிள்ளைகட்குப் பொரிகடலை வாங்குவார். கோயில் உண்டியலிற் பத்து ரூபாய் இடுவார். நான் பணம் நீட்டினால், “உன் அப்பா எனக்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், தம்பி, நீ வைத்துக்கொள்” என்பார். பொருட்சுதந்தரம் என்பது யாதென்று எனக்கு எந்நூலுங் கற்பிக்கவில்லை. அவ்வொரு வாய்மொழியே கற்பித்தது. பெறுங் கை கொடுக்குங் கையாகவே இறுதிவரை இருத்தலே அது.

ஆனால் அவ்வேற்பாடு எனக்கில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின்னும், மத்திய அரசில் 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின்னும் பணியிற் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு முறை வந்தது. முழுப் பணிக்காலம் முடித்தார்க்குக் கடைசிச் சம்பளத்திற் பாதி என்னும் பழைய உறுதி போய், சம்பளத்தினின்று நூற்றுக்கு 10 பிடித்து, அரசும் பங்கு சேர்க்கும் புதிய ஏற்பாடு அமைந்தது. வாணாள் நீளுதலும் அரசுச் செலவு பெருகுதலும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அவை பொய்க் காரணங்களல்ல. எனினும், ஒரே பள்ளியில் ஒரே பாடம் கற்பிக்கும் இருவருள் ஒருவர்க்கு உறுதியும் மற்றவர்க்கு ஐயமும் விளைந்தன. இதுபற்றி நெடுங்காலம் மன்றாட்டுகள் நிகழ்ந்தன. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசினர் தம் ஊழியர்க்கு, 25 ஆண்டுப் பணிக்கு இறுதி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்திற் பாதியை உறுதி செய்யும் திட்டமொன்றை விருப்பத்திற்குரியதாக வைத்தமை அம்மன்றாட்டின் பயனெனலாம்.

அரசுப் பணியாளர் கதை இது. நம் இதழைப் படிப்போருட் பலர் கடை வைத்திருப்போர், நிலம் உழுவோர், கைத்தொழில் செய்வோர். அவர்க்கு ஓய்வு வயது என்பதொன்றில்லை. உடம்பு ஓயும் நாளே ஓய்வு நாள். அன்னார் 2009 முதல் எல்லாக் குடிமக்கட்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்தையும், 2015-இல் தொடங்கிய அடல் திட்டத்தையும் அறிந்து பயன்கொள்ளல் வேண்டும். பின்னது, 18 முதல் 40 வயதிற்குட் சேர்ந்து செலுத்தி வருவோர்க்கு 60 வயதின்மேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதி கூறுவது; வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதிற் புதிதாகச் சேர இயலாது.

இனி இளைஞர் கூறும் புதுக்கொள்கையைக் காண்போம். கணிப்பொறித் தொழிலிற் பெருஞ்சம்பளம் பெறுவோருட் சிலர், நாற்பது நாற்பத்தைந்து வயதிலேயே வேலையை விட்டுவிடல் வேண்டுமென விரும்புகின்றனர். இக்கருத்திற்கு விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் என்னும் இருவர் 1992-இல் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் ஊக்கந் தந்தது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்பார், சேர்த்த முதலினின்று முதலாண்டில் நூற்றுக்கு 4 எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டால் முப்பதாண்டிற்கு முதல் போதும் என்று கணக்கிட்டார். ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்த்தாற் போதும் என்பது இதனாற் பெறப்படும். மாதம் 40,000 ரூபாய் செலவுடையார்க்கு ஆண்டிற்கு 4,80,000; அதன் 25 மடங்கு 1 கோடியே 20 இலட்சம்.

இக்கணக்கிற் குற்றமில்லை; ஆனால் அது எழுந்த நிலம் வேறு. அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரச் சந்தைகளின் பழைய விளைவைக் கொண்டு முப்பதாண்டிற்கு வகுத்தது அது. நம் நாட்டு விலையேற்றம் வேறு. நாற்பதில் ஓய்வவர்க்கு எஞ்சிய வாணாள் ஐம்பதாண்டாகவும் இருக்கலாம். அன்றியும், தங்கை திருமணம், தாய்தந்தையர் மருத்துவம், உறவினர் இடர் என்பன அக்கணக்கில் ஏறுவனவல்ல. எனினும் இளைஞரை இகழ்தல் நன்றன்று. அவர் வெறுப்பது உழைப்பையன்று. பிறர்க்கு அஞ்சி உழைத்தலையே. வேண்டாத வேலையை வேண்டாவென்று சொல்லும் வலிமை அவர் நாடுவது. அஃது இழிந்த விருப்பமாகாது. ஆயினும், விட்டபின் என் செய்வீர் என்று லாம் எழுப்பிய வினாவிற்கு அவர் விடை தேடிக்கொள்ளல் வேண்டும். தொல்காப்பியனார் அதற்கு விடை கூறியுள்ளார்.

முதியோர்க்கும் ஒரு சொல். ஓய்வு பெறும் நாளிற் கிடைத்த பெருந்தொகை முழுவதையும் மகன் வீட்டிற்கும் மகள் சீருக்கும் கொடுத்துவிட்டு, ஆறு திங்களில் மூக்குக்கண்ணாடி மாற்றவும் மகன் முகத்தை நோக்கிய ஆசிரியர் ஒருவரை யான் அறிவேன். மகன் கொடியனல்லன், ஆனால் கேட்கும்போது தந்தையின் குரல் தாழ்ந்தது. அன்பினாற் கொடுங்கள், அனைத்தையுங் கொடாதீர். சொத்தை எழுதிவைப்பதாயின், நம்மைப் பேணுதல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள். அங்ஙனம் எழுதப்பட்டும் பேணாராயின், அப்பத்திரத்தைச் செல்லாததாக்க 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்கின்றது. இதனை எழுதுதல் மக்கள்மேல் ஐயமன்று. அவர்தம் அன்பிற்கு ஒரு வேலி.

அன்பர்காள்! உபகாரமாய் இருந்தது உரிமையாவதற்குப் பல தலைமுறையார் உழைத்தனர். அவ்வுரிமையை அரசினிடத்துக் கேட்பதும், நம்மாலியன்றதை இளமையிலேயே சேர்ப்பதும், முதியோர் கையை வெறுங்கையாக்காதிருப்பதும் ஆகிய மூன்றும் ஒருங்கே நம் கடமையாம். என் அன்னையார் கோயில் உண்டியலில் இட்ட அப்பத்து ரூபாயின் பெருமிதம், நம் வீட்டு முதியோர் ஒவ்வொருவர்க்கும் உரியதாகுக.