வீட்டுக் கணினி வலையமைப்பு: இரு கணினிகளுக்கிடையே பழுதறிதல்

ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகள் கோப்புகளையோ பிரிண்டரையோ பகிர்ந்துகொள்ள முடியாதபோது, காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை வலையமைப்புப் பழுதறிதல் எனப்படும். பல வீடுகளில் இரண்டிலும் இணையம் தடையின்றி ஓடும். ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தென்படாது. கேபிள், முகவரி, ஃபயர்வால், பகிர்வு அனுமதி என்று கீழிருந்து மேலாகச் சோதித்துக்கொண்டு போவதே இதற்கு நம்பகமான வழி. கீழ்ப்படி சரியென்று உறுதியாகும் முன் மேல்படியில் கைவைத்தால், பழுது ஒன்று இரண்டாகிவிடும்.

கேபிள்

கேபிள்வழி வீட்டு வலையமைப்புகள் ஈதர்நெட் முறையில் இயங்குகின்றன. இது 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் இதை உருவாக்கினர்.

கேபிளைச் செருகியதும் பெரும்பாலான கருவிகளில் துளையருகே சிறு விளக்கு எரியும். எரியாவிட்டால் மென்பொருள் அமைப்புகளைத் தேடிப் பயனில்லை. ஆர்ஜே-45 செருகியின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால் கேபிள் பொருந்தியதுபோலவே தோன்றும். மேசை அசைந்தாலே தொடர்பு அறுந்துவிடும். 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஜிகாபிட் கருவிகளுக்கிடையே வேகம் 100-லேயே நின்றால், உள்ளே ஓர் இணை அறுந்திருக்கக்கூடும்.

ஐபி முகவரி

விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கணினியின் ஐபி முகவரியைக் காட்டும். அதில் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால், இரு கணினிகளுக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றாகவும் கடைசி எண் வேறாகவும் இருக்க வேண்டும். 192.168.1.5-உம் 192.168.1.8-உம் நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டர் இல்லாமல் இரு கணினிகளை நேரடியாகக் கேபிளால் இணைத்திருந்தால் மட்டும் இது இயல்பே.

ஃபைபர் மோடத்துக்குக் கீழே இன்னொரு வைஃபை ரவுட்டர் வைத்துள்ள வீடுகளில் ஒரு சிக்கல் அடிக்கடி எழுகிறது. ஒரு கணினி மோடத்திடமும் மற்றது ரவுட்டரிடமும் முகவரி வாங்கிக்கொள்ளும்; முகவரிகள் 192.168.1, 192.168.0 என்று பிரிந்துபோகும். இரண்டாவது ரவுட்டரை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால், இரண்டும் ஒரே வலையமைப்புக்குள் வந்துவிடும். வைஃபையில் 'கெஸ்ட்' இணைப்பிலுள்ள கணினியும் பொதுவாக மற்றக் கணினிகளிடமிருந்து பிரித்தே வைக்கப்படும்.

பிங் சோதனை

'பிங்' 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே அதன் பெயராயிற்று. முதலில் ரவுட்டரின் முகவரிக்கும், பிறகு மற்றக் கணினியின் முகவரிக்கும் பிங் அனுப்ப வேண்டும். பதில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி; பழுது மேலே இருக்கிறது. ஒரே வலையமைப்புக்குள் 'சேருமிடத்தை அடைய முடியவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், அந்தக் கணினி அணைந்திருக்கலாம் அல்லது வேறு இணைப்பில் இருக்கலாம். 'நேரம் முடிந்தது' என்று வந்தால், முதலில் ஐயுற வேண்டியது ஃபயர்வாலை.

ஃபயர்வால்

வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளே ஃபயர்வால். அதற்காக விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று வகைப்படுத்துகிறது. ரயில் நிலைய வைஃபைக்கு ஏற்ற 'பப்ளிக்' வகையில் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் கோப்புப் பகிர்வையும் இயக்கினாலே பல பழுதுகள் தீர்ந்துவிடும்.

பகிர்வு அனுமதி

பிங்குக்குப் பதில் வந்தும் ஃபோல்டர் திறக்காவிட்டால், கணினியின் பெயருக்குப் பதிலாக இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் ஐபி முகவரியை இட்டுப் பார்க்கலாம். திறந்தால், சிக்கல் பெயரைக் கண்டறிவதில் மட்டுமே. பாஸ்வேர்டு கேட்டு மறுத்தால், மற்றக் கணினியின் பயனர் கணக்கைப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக இயல்பில் அனுமதிப்பதில்லை. திரையைத் திறக்கும் பின் எண்ணும் இங்கே செல்லாது.

மிகப் பழைய கணினிகள் எஸ்எம்பி 1 என்ற பகிர்வு முறையை நம்பியிருக்கும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தீநிரல் அதிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது இயல்பில் இடம்பெறுவதில்லை. அதை மீண்டும் இயக்குவதைவிட, கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வதே மேல்.

கவனிக்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்காக ஃபயர்வாலை அணைத்திருந்தால், எழுந்து போகும் முன் அதை மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.