மோட்டார் சைக்கிள் டயர் அழுத்த உணரி

மோட்டார் சைக்கிள் டயர் அழுத்த உணரி என்பது டயரினுள் உள்ள காற்றின் அழுத்தத்தை அளந்து, அதனை வானொலி அலைகள் மூலம் ஓட்டுநருக்கு அறிவிக்கும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். இது ரிம்மின் உட்புறத்தில் வால்வின் அடியோடு பொருத்தப்படலாம். அல்லது வால்வின் மூடியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் திருகப்படலாம். மூடி வகை உணரி விலை குறைந்தது. டயரைக் கழற்றாமலே பொருத்தக்கூடியது. எனினும் அது வால்வின் இயல்பான செயற்பாட்டை மாற்றிவிடுவதால் எல்லா வால்வுகளுக்கும் ஏற்றதன்று.

பின்னணி

பயணியர் கார்களில் இத்தொழில்நுட்பம் 1986 இல் வெளிவந்த போர்ஷே 959 இல் முதன்முதலாக இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2000 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாக்கப்பட்டது. அவ்விதி மோட்டார் சைக்கிள்களுக்குப் பொருந்தாது. விலை உயர்ந்த சில வண்டிகளைத் தவிர, ஏனையவற்றில் உரிமையாளரே இதனை வாங்கிப் பொருத்துகின்றார்.

வால்வில் ஏற்படும் மாற்றம்

மோட்டார் சைக்கிள்களில் பயன்படுவது சிரேடர் வால்வு ஆகும். இதற்கு 1893 இல் காப்புரிமை பெறப்பட்டது. வால்வுத் தண்டினுள் சுருள்வில்லுடன் கூடிய ஊசி ஒன்று உள்ளது. காற்றை அடைத்து வைப்பது இவ்வூசியே. மூடி இரண்டாவது தடுப்பு மட்டுமே. மூடி வகை உணரி அழுத்தத்தை அறிய வேண்டுமாயின் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்து வைக்க வேண்டும். அதனால் முதல் தடுப்பு இல்லாமற் போகின்றது. டயரின் முழுக் காற்றையும் உணரியின் சிறு ரப்பர் வளையம் ஒன்றே தாங்கி நிற்கின்றது.

எடையும் மையவிலக்கு விசையும்

பிளாஸ்டிக் மூடி ஒரு கிராம் கூட இராது. உணரி ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். இவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். 17 அங்குல ரிம்மும் 120/70 அளவுள்ள டயரும் கொண்ட முன்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். டயரின் ஆரம் சுமார் 30 செ.மீ.; வால்வின் நுனி அச்சிலிருந்து சுமார் 18 செ.மீ. தொலைவில் உள்ளது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 18 முறை சுழலும். அப்போது நுனியில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 225 மடங்கு ஆகும். அதாவது 10 கிராம் உணரி 2¼ கிலோகிராம் எடை போல வால்வுத் தண்டை அழுத்தும். வேகம் பாதியானால் இவ்விசை கால்பங்காகக் குறையும்.

தண்டு ஆரத்தின் திசையில் நேராக நின்றால் விசை ரிம்மை நோக்கியே செயற்படும். ரப்பர் தண்டு அவ்வாறு நிற்பதில்லை. சற்றே சாய்ந்தாலும் விசை அதனை மேலும் வளைக்கும். ஒவ்வொரு பயணத்திலும் வளைந்து நிமிர்வதால், ரிம்மின் துளையிலிருந்து தண்டு வெளிவரும் இடத்தில் வெடிப்பு தோன்றும். அது அறுந்தால் காற்று முழுவதும் சில நொடிகளில் வெளியேறிவிடும். காரைப் போல் நான்கு சக்கரங்களில் நிற்காத வண்டியில், முன்டயர் இவ்வாறு காலியாவது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே ரப்பர் தண்டின் மீது இவ்வுணரியைப் பொருத்துதல் தகாது. எச்சரிக்கைக் கருவியே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

பொருத்தும் முறை

முதலில் ரப்பர் தண்டை நீக்கி, நட்டினால் இறுக்கப்படும் உலோகத் தண்டைப் பொருத்த வேண்டும். ரிம்மின் துளை பொதுவாக 8.3 மி.மீ. அல்லது 11.3 மி.மீ. விட்டமுடையது, அதற்குரிய தண்டையே வாங்க வேண்டும். அலுமினியத் தண்டின் மீது பித்தளைப் புரி நெடுநாள் இருந்தால், ஈரத்தினாலும் உப்பினாலும் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் உணரியைக் கழற்ற முயலும்போது தண்டே முறியக்கூடும். பித்தளைத் தண்டில் இத்தொல்லை இல்லை.

டயர் குளிர்ந்த நிலையில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பியபின், பூட்டு நட்டைத் தண்டில் திருகி, அதன்மேல் உணரியைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும். அடுத்து உணரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை அதற்கு எதிராக இறுக்குவர். பிடிக்காமல் இறுக்கினால் தண்டு முறுக்கப்படும். சோப்பு நீரைத் தடவிக் குமிழிகள் எழவில்லை என்று உறுதி செய்தபின், மறுநாள் தனி அழுத்தமானியால் மீண்டும் அளப்பது நல்லது.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, உணரி பிரேக் கேலிப்பரிலோ வேறெதிலுமோ உரசவில்லை என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பிய வால்வுகளில் இச்சோதனை மிக இன்றியமையாதது. சக்கரத்தின் சமநிலையையும் உணரி பொருத்தப்பட்ட நிலையிலேயே சரிசெய்தல் வேண்டும்.

அளவீட்டைப் புரிந்துகொள்ளுதல்

33 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயரில் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. கூடும். ஓடிச் சூடான டயரில் உணரி காட்டும் கூடுதல் அளவைக் கண்டு காற்றை வெளியேற்றினால், குளிர்ந்தபின் காற்று குறைவாகவே இருக்கும். மூடி வகை உணரி வெளிக்காற்றில் இருப்பதால், அது காட்டும் வெப்பநிலை டயரினுள் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். டியூப் உள்ள டயர்களில் ஆணி தைத்தால் காற்று மிக விரைவில் வெளியேறிவிடுகின்றது. அங்கு உணரி மெதுவான கசிவைக் கண்டறியவே பெரிதும் பயன்படும்.