வடியும் காது

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து சிறு விமானத்தில் பூர்வகுடி ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் காதைப் பரிசோதிப்பதுதான் நெடுங்காலம் என் வேலை. கேள்திறனை அளக்க அமைதியான அறை வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைப்பது நூலகத்தின் ஒரு மூலை. அங்கே இரையும் ஏசியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டுவேன். அதற்குமுன் ஓட்டோஸ்கோப்பால் உள்ளே பார்த்தால் செவிப்பறையில் ஓட்டையும் சீழும் தெரியும். "ரன்னி இயர்ஸ்" என்பார்கள் அங்கே. சின்னப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதுபோல் காதும் வடியத்தான் செய்யும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சிறுமிகளாக இருந்தபோதும் காது வடிந்துகொண்டுதான் இருந்தது.

ஆஸ்திரேலிய அரசு காதைக் கவனிக்காத அரசு அல்ல. 1940களின் தொடக்கத்தில் ரூபெல்லா பரவி, கருவிலேயே கேள்திறன் இழந்த குழந்தைகள் பிறந்தார்கள். போரிலிருந்து காது பழுதாகித் திரும்பிய வீரர்களும் இருந்தார்கள். இவர்களுக்காக 1947இல் காமன்வெல்த் ஒலியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த நாட்டின் அரசியலமைப்பு 1967 வாக்கெடுப்பு வரை பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதே ஆண்டுகளில்தான் சிறு சிறு குடும்பக் குழுக்களாக நிலமெங்கும் வாழ்ந்தவர்களை மிஷன்களும் அரசும் ஓரிடத்தில் திரட்டிக்கொண்டிருந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள பப்புன்யா, 1950களின் இறுதியில் அரசு அமைத்த குடியிருப்பு. பின்டுபி, லுரிட்ஜா, வார்ல்பிரி என்று வெவ்வேறு மொழி பேசும் மக்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். வீடுகள் போதவில்லை, நோய்கள் பரவின. என் கண்ணுக்குக் காது நோயின் வரலாறு வீட்டின் வரலாறுதான்.

வீட்டுக்கும் காதுக்கும் உள்ள இந்தத் தொடர்பை டார்வினிலுள்ள மென்சீஸ் ஆய்வு நிறுவனத்தின் அமண்டா லீச்சும் உடன் பணியாற்றியவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. நெருக்கமாக வாழும் வீட்டில், பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே குழந்தையின் மூக்கின் பின்புறத்தில் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் குடியேறிவிடுகின்றன. அங்கிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சிறு குழந்தைக்குக் குட்டை. அவர்கள் தொடர்ந்து கவனித்த பூர்வகுடிக் குழந்தைகள் எல்லோருக்குமே சில மாதங்களுக்குள் நடுக்காது அழற்சி வந்தது. 2001இல் 29 பூர்வகுடி ஊர்களில் 709 சிறு குழந்தைகளைப் பரிசோதித்தபோது, 91 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை நடுக்காது நோய் இருந்தது. நாள்பட்ட சீழ்க்காது 4 சதவீதத்தைத் தாண்டினாலே அவசர நடவடிக்கை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அங்கே அது 15 சதவீதம்.

இதில் கொடுமை, பல பிள்ளைகளுக்கு வலியே இருப்பதில்லை. சீழ் கோத்துச் செவிப்பறை வீங்கியிருக்கும், பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அழாத பிள்ளையை யார் கிளினிக்குக்குத் தூக்கி வருவார்கள்? பேச்சைக் கற்றுக்கொள்ளும் வயது அப்படியே கழிந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி கேட்கும், பாதி கேட்காது. கவனமில்லாத பிள்ளை, அடங்காத பிள்ளை என்று பெயர் விழும். 2012இல், டார்வின் இருக்கும் வட பிரதேசத்தின் சிறைகளில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பூர்வகுடிக் கைதிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேள்திறன் குறைவு இருந்தது. சிறைக்குப் போனதற்குக் காது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போலீஸ் கேட்ட கேள்வி சரியாகக் காதில் விழாமல் தலையாட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மருத்துவம் எளியது. டிஷ்யூ காகிதத்தை ஈட்டிபோலத் திரித்துக் காதுக்குள் மெல்லச் செருகிச் சீழை ஒற்றி எடுக்க வேண்டும். காகிதம் உலர்ந்து வரும்வரை திரும்பத் திரும்ப. பிறகு சொட்டு மருந்து. என்னைவிட நேர்த்தியாக அதைத் திரித்த சுகாதாரப் பணியாளர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். எந்தச் சொட்டு மருந்து நல்லது என்பதையும் பூர்வகுடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்களில்தான் சோதித்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்த பிள்ளைகளில் 76 சதவீதத்தினருக்குச் சீழ் நின்றது. வழக்கமாகக் கொடுத்துவந்த மருந்தில் 52 சதவீதத்தினருக்குத்தான் நின்றது.

அப்படிக் காது உலர்ந்த பிள்ளை அன்று மாலை திரும்பிப் போவது மூன்று தலைமுறையும் ஒன்றாய்ப் படுக்கும் அதே வீட்டுக்கு. அடுத்த முறை நான் போகும்போது மறுபடி வடிந்துகொண்டிருக்கும். அந்த ஊர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் செலவைச் சுகாதாரச் செலவாகவே எழுத வேண்டும் என்று கூட்டம்தோறும் சொல்லிவந்தேன், இன்றும் சொல்கிறேன்.