ராணியின் செருப்புப் பணம்

ஒவ்வோர் ஆண்டும் இலக்கிய வரலாற்று வகுப்பில் ஒரே வரியைத்தான் சொல்லிவருகிறேன். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’, ஆண்டு 1578, இடம் கொல்லம், 16 பக்கம், ஆக்கியவர் அண்ட்ரிக் அடிகளார். மாணவிகள் குறித்துக்கொள்வார்கள், தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் புஸ்தகத்தை அப்போ பொம்பளைங்க யாராச்சும் வாசிச்சிருப்பாங்களா மேடம்?” அவள் புன்னைக்காயல் பக்கத்துப் பெண். அதே அண்ட்ரிக் அடிகளார் 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெரிய நூலை அச்சிட்டது அவள் பேருந்து ஏறும் ஊரில்தான். என் குறிப்பேட்டில் அவள் கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் தேடினால் முதலில் கைக்கு வருவது புத்தகமல்ல, பணம்.

1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறித்தவத்தில் சேர்ந்தார்கள். முத்துச் சலாபத்தின் மீதான உரிமைக்காக நடந்த மோதலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. மதம் அதற்குக் கொடுத்த விலை என்றோ, அதனுடன் வந்த வரவு என்றோ, அவரவர் நிற்கும் இடத்துக்கேற்பச் சொல்லலாம். பணியாரம் விற்கப்போன ஒரு பரதவப் பெண் அவமதிக்கப்பட்டதில்தான் அந்தச் சண்டை மூண்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதையில் பணியாரத்துக்குப் பெயர் உண்டு, அவளுக்குக் கிடையாது.

தண்ணீர் தெளித்ததோடு பலரை விட்டுவிட்டார்கள், செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் பிரான்சிசு சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். தமிழ் தெரியாத அவர், மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கினார். ஊருக்கு ஒரு படி விட்டுச்சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துப் படியெடுக்க வேண்டும், மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்ஊராக இதை நடத்த ஆள் வேண்டும். அந்த ஆட்களைச் சவேரியாரின் கடிதங்கள் குறிப்பிடும் சொல் நம் ‘கணக்கப்பிள்ளை’தான், போர்த்துக்கீசிய நாக்கில் புரண்டு வந்த உருவத்தில்.

கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம்? அங்கேதான் செருப்பு வருகிறது. முத்துக்குளித்துறை செலுத்திய வரியில் ஆண்டுக்கு 4000 பணம், போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. உவமையாகச் சொல்லவில்லை, அந்த ஒதுக்கீட்டுக்குப் பெயரே ராணியின் செருப்புப் பணம். சவேரியார் அதை ஆசிரியர் சம்பளமாக மாற்றித்தரக் கேட்டார், கிடைத்தது. சொர்க்கம் போக இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு அரசிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதை அரசியின் தாராளம் என்று எழுதும் நூல்கள் உண்டு. அந்த 4000 பணம் லிஸ்பனிலிருந்து வரவில்லை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒற்றை மூச்சில் கடலடிக்குப் போனவர்கள் கொண்டுவந்தது. குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தன் தங்கை தாலியறுப்பதை அவன் பொறுக்கமாட்டான் அல்லவா? அந்தக் கயிற்றின் கரைமுனையில் இருந்தவள் அவள். அந்தப் பணத்தில் அவள் பங்கும் உண்டு.

அவளுக்குக் கிடைத்த கல்வி என்ன? பெண்கள் சனிக்கிழமை கோயிலுக்கு வர வேண்டும், ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை. வந்து, கேட்டு, திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கற்றதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஓத வேண்டும். அந்தச் சிறுவர்கள்தாம் இந்தக் கரையின் முதல் ‘வயதுவந்தோர் கல்வி’ ஆசிரியர்கள் என்று எனக்குத் தோன்றும். தாய்க்கு மகன் ஆசிரியன். வீட்டில் ஒளித்துவைத்த பழைய சாமியைப் பற்றித் தகவல் சொன்னதும் அதே பிள்ளைகள்தாம் என்பதையும் மறக்கக் கூடாது. வேறு ஒரு பாடமும் நடந்தது. 1544இல் சவேரியார் தம் உதவியாளர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில், சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடிக்கும் காவலனுக்கு ஒரு பணம், அவளுக்கு மூன்று நாள் காவல் என்று உத்தரவு இருக்கிறது. குடித்த ஆண்களுக்கு அந்த உத்தரவில் இடமில்லை. கணக்கப்பிள்ளைக்கும் பணம், காவலனுக்கும் பணம். இரண்டு பாடத்தையும் அவள் ஒரே ஊரில் கற்றாள்.

சவேரியாரைத் தூற்ற இதை எழுதவில்லை. பரதவரை மொட்டையடித்த போர்த்துக்கீசிய அதிகாரிகளைக் கடிதத்துக்குக் கடிதம் திட்டியவர் அவர். சொல்ல வருவது வேறு: அந்த ஏற்பாட்டில் பெண்ணுக்குக் காதும் நாக்கும் மட்டும் போதும் என்று வைத்தார்கள். எழுத்தாணி கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. இந்தக் கரைப் பையன்கள் கோவாவின் புனித பவுல் கல்லூரிக்குக் கப்பலேறினார்கள். சிறுமிகளுக்கு அப்படி ஒரு கப்பல் இல்லை.

அண்ட்ரிக் அடிகளார் வந்தபின் அச்சு வந்தது. அதன் செலவிலும் பெரும்பங்கு இந்தக் கரைப் பரதவர் தந்ததே. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ முழுக்க வினாவிடை. ஆசிரியர் கேட்பார், சீடன் சொல்வான். வாசிப்பதற்கான வடிவமல்ல அது, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கானது. ஆக என் மாணவியின் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான்: அவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, பிழையில்லாமல் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

அந்தக் குரல்கள் ஓரிடத்தில் மங்கலாகவேனும் பதிந்திருக்கின்றன. அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்கப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதிவைத்தார். அதில் இருப்பது புலவர் தமிழல்ல, பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரைப் பேச்சு. லிஸ்பன் நூலகத்தில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படியை 2013இல் ஆங்கிலத்தில் விளக்கிப் பதிப்பித்தவர்கள் ஜீன் ஹைன், வி.எஸ்.ராஜம் என்னும் இரு பெண்கள். இதை வகுப்பில் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன்.

புன்னைக்காயலிலிருந்து கொஞ்ச தூரத்தில் காயல்பட்டினம். முத்து வணிகத்தில் பரதவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஊர், பெண்கல்வியில் மட்டும் பக்கத்து வீடு. அங்கே சிறுமிகள் ஓதப் போனார்கள், ஓதிக்கொடுத்தவர்களும் பெண்களே. இந்த வகையில் அவர்கள் ஒருபடி மேல். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் மார்க்க நூல்களையும் மாலைகளையும் வாசிக்கும் பெண்கள் இந்தக் கரை நெடுக இருந்தார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா போல அதிலேயே பாடல் இயற்றியவரும் உண்டு. ஆனால் பலருக்கு வாசிப்போடு சரி, எழுத்து கிடையாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதி தெளிவானது. ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தவர் கணக்கில் இல்லை. எந்த எழுத்தானாலும் செல்லும் என்று சொல்லும் அதே விதி, கையில் எழுதுகோல் இல்லாதவளைத் தள்ளிவிடுகிறது. ஆக, ஐம்பது பக்கத்தைப் பார்க்காமல் ஓதும் பரதவப் பாட்டியும், அரபுத் தமிழ் மாலையை இராகத்தோடு வாசிக்கும் காயல் பாட்டியும் அரசின் ஏட்டில் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள்: எழுத்தறிவற்றோர். கணக்கெடுக்க வந்தவர் இருவரிடமும் கேட்டது, கையெழுத்துப் போடத் தெரியுமா என்பதைத்தான்.

தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி தொடங்கியது 1948இல். புன்னைக்காயலில் அச்சுப்பொறி ஓடி 362 ஆண்டு கழித்து. இடையில் டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், துறைமுகம் வளர்ந்தது, முத்து தீர்ந்தது.

கேள்வி கேட்ட மாணவி முதுகலைக்கு இதையே ஆய்வேடாக எடுத்தாள். ‘அடியார் வரலாறு’ நூலுக்கு இராசமாணிக்கம் அடிகள் 1967இல் கொண்டுவந்த பதிப்பை நூலகத்திலிருந்து எடுத்துப்போய், ஒரு புனிதையின் கதையைத் தன் பாட்டிக்கு வாசித்துக்காட்டியிருக்கிறாள். கருவாட்டுக் கூடையோடு இருந்த பாட்டி பாதியில் நிறுத்தியிருக்கிறார். “இல்லட்டி, அப்படிக் கிடையாது” என்று, தன் தாய் சொல்லக் கேட்ட விதத்தில் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். இவள் எழுதிக்கொண்டாள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது பதினோரு பக்கம்.

முகப்புப் பக்கத்தில் ‘ஆய்வாளர்’ என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே பாட்டியின் பெயரையும் போட்டிருந்தாள். ஒரு பெயர்தான் அனுமதி, மாற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். அவளிடம் சொன்னேன். முகப்பை மாற்றினாள். பின்னிணைப்பின் தலைப்புக்குக் கீழே மட்டும், ‘சொன்னவர்’ என்று எழுதி, பாட்டியின் பெருவிரல் ரேகையை நீல மையில் வாங்கி ஒட்டியிருந்தாள்.