மூன்று மாடுகளும் ஒரு மட்டையும்

டென்னிஸோ ஷட்டிலோ ஆடுகிறவராக இருந்தால், ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய் ‘ராக்கெட்டுக்கு கட்டிங் போடணும்’ என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். (சாயங்காலம் வேறு சில கடைகளில் கேட்கப்படும் அந்தக் ‘கட்டிங்’ இல்லை!) கடைக்காரரும் ‘நைலானா, பாலியா, மல்ட்டியா?’ என்று திருப்பிக் கேட்பார். அந்தக் ‘கட்டிங்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ‘கட்’ என்றால் குடல். சுத்த சைவமான நீங்கள் நைலான் நரம்பு போட்டுக்கொண்டாலும், வாய் கேட்பதென்னவோ குடலைத்தான்!

பெயர் சும்மா வரவில்லை. பல நூற்றாண்டுகளாக டென்னிஸ் மட்டையில் இருந்தது நிஜமான குடல். ஆட்டுக் குடல், பிற்பாடு மாட்டுக் குடல். ‘கேட்கட்’ என்று ஒரு வார்த்தை இருப்பதால் பூனையைச் சந்தேகிக்க வேண்டாம். பூனை இதில் நிரபராதி. டாக்டர்கள் தையல் போடப் பயன்படுத்திய கேட்கட்டும் ஆடு, மாட்டுக் குடலில் செய்ததுதான்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் மட்டையே கிடையாது. பிரான்ஸில் வெறும் உள்ளங்கையால் பந்தை அடித்தார்கள். ‘ழே தெ போம்’ என்று அதற்குப் பெயர். உள்ளங்கை ஆட்டம் என்று அர்த்தம். கை வலித்ததால் உறை மாட்டினார்கள். அப்புறம்தான் நரம்பு கட்டிய மட்டை வந்தது. ஆக, கை வலிக்குப் பயந்து பிறந்த சாமான்தான் டென்னிஸ் ராக்கெட். அந்தப் பயம் இன்றைக்கும் தீரவில்லை. கதையே அதுதான்.

1874-இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர், புல்தரையில் ஆடும் டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆட்டம் பற்றிக்கொண்டது. மறு வருஷமே பிரான்ஸின் லியோன் நகரில் பியேர் பாபோலா என்பவர் டென்னிஸ் நரம்பு தயாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் ஏற்கெனவே இசைக்கருவிகளுக்குக் குடல் நரம்பு செய்துகொண்டிருந்தவர். வயலினுக்குப் போன நரம்பு மட்டைக்கும் போனது. முதல் விம்பிள்டன் நடந்தது அதற்கப்புறம்தான், 1877-இல்! 1925-இல் அதே கம்பெனி வெளியிட்ட ‘வி.எஸ்.’ என்ற குடல் நரம்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

குடலில் அப்படி என்ன விசேஷம்? மாட்டின் உடம்பில் அதன் வேலையே விரிவதும் சுருங்குவதும்தானே? குடலின் வெளிச்சவ்வை நீள நீளமான நாடாக்களாகப் பிரித்து, சுத்தம் செய்து, முறுக்கி, காயவைத்து, வழவழப்பாக்கினால் வருவது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் சேர்ந்த ஒரு கயிறு. பந்து பட்டால் தாராளமாக இழுபடும், உடனே பழைய நிலைக்குத் திரும்பும். பந்து நரம்பில் தங்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைக் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம் இல்லையா? இழுபடும் நரம்பு அதைத்தான் செய்கிறது. விறைப்பான நரம்பு, கையை நீட்டியபடியே கேட்ச் பிடிப்பதற்குச் சமம். அதிர்ச்சி நேராக முழங்கைக்குப் போகும்.

முழங்கை என்றதும் ஒரு தகவல். 1883-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ‘லான் டென்னிஸ் எல்போ’ பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது விம்பிள்டனுக்கு வயது ஆறு! (ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்தே ‘டென்னிஸ் எல்போ’ வாங்கிக்கொண்ட, மட்டையைத் தொட்டே பார்த்திராத அம்மாக்களும் உண்டு, பாவம்.)

குடலிடம் குறைகளும் உண்டு. ஒரு மட்டைக்குச் சுமார் 12 மீட்டர் நரம்பு வேண்டும். அதற்கு மூன்று மாடுகள் தேவை என்பது பொதுவான கணக்கு. விலையோ, நல்ல செயற்கை நரம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு. போதாக்குறைக்கு ஈரம் ஆகாது. மழையில் நனைந்தால் நூல் பிரிய ஆரம்பித்துவிடும். சென்னையின் கசகசப்பில் பையில் வைத்திருப்பதே கவலைதான். 1960, 61 என்று அடுத்தடுத்து விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனாரே நம் ராமநாதன் கிருஷ்ணன், அவருடைய நளினமான ஆட்டமெல்லாம் மர மட்டையும் குடல் நரம்பும் கோலோச்சிய காலத்துச் சமாச்சாரம்.

மாற்று, ஒரு ரசாயனக் கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935-இல் நைலானை உருவாக்கியது. 1938-இல் உலகத்துக்கு அறிவித்தபோது கரோதர்ஸ் உயிரோடு இல்லை. மனச்சோர்வால் முந்தைய வருஷமே தற்கொலை செய்துகொண்டார். முதலில் டூத்பிரஷ், அப்புறம் பெண்களின் காலுறை, பாராசூட் என்று புகுந்த நைலான், மட்டைக்கும் வந்து சேர்ந்தது. மலிவு. மழையில் நனைந்தாலும் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் ஒற்றை இழையாக இருந்ததால் குடலின் குழைவு வரவில்லை.

‘ஒற்றை இழைதானே பிரச்னை? அப்படியானால் குடலைப் போலவே ஆயிரம் இழையாகச் செய்தால்?’ என்று யோசித்ததன் விளைவுதான் மல்ட்டிஃபிலமென்ட். தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, முறுக்கி, பாலியூரித்தேன் போன்ற ஒரு பசையால் பிணைத்து, மேலே ஒரு பூச்சு. 1979-இல் பிரான்ஸில் தியெரி மெசான் தொடங்கிய டெக்னிஃபைபர் கம்பெனி இந்தப் பாலியூரித்தேன் வித்தையில் பேர் வாங்கியது. மாடு இல்லாமல் மாட்டுக் குடல்! 2017-இல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது யார் தெரியுமா? சட்டையில் முதலை பொம்மை போடும் லாகோஸ்ட். அதை ஆரம்பித்த ரெனே லாகோஸ்ட் சாட்சாத் டென்னிஸ் சாம்பியன். 1927 முதல் தொடர்ந்து ஆறு வருஷம் டேவிஸ் கோப்பையைத் தன் நாட்டிலேயே வைத்திருந்த பிரெஞ்சு அணியின் நால்வரில் ஒருவர்.

இதற்கு நடுவில் ஒரு தமாஷ். வெர்னர் ஃபிஷர் என்ற ஜெர்மன்காரர் ‘ஸ்பகெட்டி’ மட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். நெடுக்கு நரம்புகள் இரண்டு அடுக்கு. குறுக்கு நரம்புகளோடு பின்னவே மாட்டார். பந்து படும்போது நெடுக்கு நரம்பு வழுக்கிக்கொண்டு நகர்ந்து, சுண்டித் திரும்பும். பந்து பம்பரமாகச் சுழலும்! 1977 அக்டோபரில் பிரான்ஸின் ஏக்ஸ் நகரில் நடந்த ஃபைனல். களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் ஜெயித்திருந்த கியெர்மோ விலாஸ் எதிரே, நஸ்டாஸே இந்த மட்டையோடு வந்து நின்றார். இரண்டு செட் போனதும் விலாஸ் வெறுத்துப் போய் ஆட்டத்தையே விட்டுவிட்டார். சில நாட்களில் தடை. நரம்புகள் பின்னப்பட்டிருக்க வேண்டும் என்று மறு வருஷம் விதியே எழுதிவிட்டார்கள்.

இருபது வருஷம் கழித்து அதே வித்தை சட்டப்படி திரும்பி வந்தது! பெல்ஜியத்தின் லக்சிலான் கம்பெனி செய்த பாலியெஸ்டர் நரம்போடு, 20 வயது பிரேசில் பையன் ஒருவன் 1997 பிரெஞ்சு ஓப்பனுக்கு வந்தான். குஸ்தாவோ கியூர்டன். உலக ரேங்க் 66. மஸ்டர், காஃபெல்னிகோவ், புரூகேரா என்று மூன்று முன்னாள் சாம்பியன்களைச் சாய்த்துக் கோப்பையைத் தூக்கினான். பாலியெஸ்டர் வழவழப்பானது. பின்னியிருந்தாலும் வழுக்கி நகர்ந்து சுண்டும். பந்து பயங்கரமாகச் சுழலும். சுலபத்தில் அறுபடாது. அதற்கப்புறம் கடை கடையாக பாலிதான்.

உங்களுக்கும் எனக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. பாலி விறைப்பானது. இறுக்கத்தையும் சீக்கிரமே இழந்துவிடும். ஆனால் அறுபடாது! செத்துப்போன நரம்பு உயிரோடு இருப்பது போல மட்டையில் உட்கார்ந்திருக்கும். டூர் வீரர்கள் மாட்சுக்கு மாட்ச் புதிதாகக் கட்டிக்கொள்கிறார்கள். நாம்? ‘இன்னும் அறுந்து போகலையே’ என்று ஆறு மாசம் ஓட்டுவோம். முழங்கை மெதுவாகக் கணக்குத் தீர்க்கும். பெரிய ஆட்கள்கூட முழுசாக பாலியை நம்பிவிடவில்லை. ஃபெடரர், செரினா, ஜோகோவிச் மூவரும் குடலையும் பாலியையும் கலந்து கட்டியவர்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடுகிற ஆபீஸ் ஆசாமிக்கும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் மல்ட்டிதான் உத்தமம் என்பேன். ‘அது சீக்கிரம் அறுந்துடும் சார்’ என்பார்கள். ஓரளவு நிஜம்தான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 1.25 மில்லிமீட்டருக்குப் பதில் 1.30 கனத்தில் வாங்குங்கள். கொஞ்சம் குழைவு குறையும், உழைப்பு கூடும். இரண்டு பவுண்டு இறுக்கத்தைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். கைக்கும் நல்லது. நெடுக்கில் 18, குறுக்கில் 20 என்று நெருக்கமாகப் பின்னிய மட்டையில் நரம்பு குறைவாகவே நகரும், அதனால் தேய்மானமும் குறைவு. அப்படியும் மாசா மாசம் அறுக்கிற முரட்டு டாப்ஸ்பின் ஆசாமியா நீங்கள்? நெடுக்கில் பாலி, குறுக்கில் மல்ட்டி. பாதி விறைப்பு போய்விடும்.

மல்ட்டியிடம் இன்னொரு நல்ல குணம், அது சொல்லாமல் சாகாது. நெடுக்கும் குறுக்கும் உரசும் இடங்களில் மேல்பூச்சு தேய்ந்து, பஞ்சு மாதிரி நூல் எட்டிப் பார்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். அதன் பிறகும் சில ஆட்டங்கள் தாக்குப்பிடிக்கும். பஞ்சு மேலும் மேலும் வந்து, நரம்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு மெலிந்துவிட்டால் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ‘போன தடவை எத்தனை பவுண்டு?’ என்று கேட்பார். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. மட்டையின் கழுத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதியையும் பவுண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.